ஷாத்தோ கய்யார்: கதவுக்கு வெளியே

அன்றைக்கு உள்கோட்டை பூட்டியிருந்தது. மார்ச் மாதத் தொடக்கம், சீசன் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பாரிஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் வந்து, வழுக்குகிற மண்பாதையில் மூச்சு வாங்க ஏறி, கடைசியில் ஒரு கம்பிக் கதவுக்கு முன்னால் போய் நின்றோம். கூட வந்த அண்ணா கம்பியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

"உதை முதலே பாத்துப்போட்டு வெளிக்கிட்டிருக்கலாமே தம்பி."

பார்த்திருக்கலாம்தான். திங்கட்கிழமை மட்டும்தான் அவருக்கு லீவு, மற்ற ஆறு நாளும் ஒரு உணவகத்தின் அடுக்களையில் நிற்பவர். அந்த ஒரு நாளையும் என் கோட்டைப் பைத்தியத்துக்குக் கொடுத்திருந்தார். அவர் வன்னிக்காரர், 2009க்குப் பிறகு பிரான்ஸுக்கு வந்தவர். அதற்கு மேல் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பூட்டிய கதவு ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. உள்ளே போயிருந்தால் நடுக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, நாலு போட்டோ எடுத்து, இறங்கியிருப்போம். போக முடியாததால் அகழியைச் சுற்றி வந்தோம், சரிவில் உட்கார்ந்தோம். இந்தக் கோட்டையில் நடந்த முக்கியமான விஷயம் எனக்குத் தெரிந்து அந்தச் சரிவில்தான் நடந்தது.

பாரிஸுக்கு வடமேற்கே, சேன் ஆறு பெரிதாக வளைந்து திரும்புகிற இடத்தில் லெசாந்தலி என்று ஒரு சின்ன ஊர். ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தாக எழும்புகிறது வெள்ளைச் சுண்ணப்பாறைக் குன்று. அதன் உச்சியில், ஆற்றிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், ஷாத்தோ கய்யார். 'ஷாத்தோ' என்றால் கோட்டை. 'கய்யார்' என்பதற்குத் தெம்பானவன், துடுக்கானவன் என்றெல்லாம் பொருள். நம்மூர் வழக்கில் சொன்னால் திமிர்க் கோட்டை. கட்டியவரின் குணத்துக்கு ரொம்பப் பொருத்தம்.

கட்டியவர் இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட், சிங்கநெஞ்சன் என்று பெயர் எடுத்தவர். இங்கிலாந்து அரசருக்குப் பிரான்ஸில் என்ன வேலை என்று கேட்டால், அவர் நார்மண்டியின் கோமகனும்கூட. இங்கிலாந்தில் இருந்ததைவிடப் பிரான்ஸில் இருந்த நாட்கள்தான் அவருக்கு அதிகம். சிலுவைப் போருக்குப் போய்த் திரும்பும் வழியில், 1192 டிசம்பரில், ஆஸ்திரியாவில் பிடிபட்டார். விடுதலைக்குக் கேட்ட தொகை 1,50,000 மார்க் வெள்ளி. அவர் சிறையில் கிடந்த நேரம் பார்த்து பிரெஞ்சு அரசர் பிலிப் நார்மண்டியின் எல்லையில் கை வைத்தார். ஜிசோர் என்ற முக்கியமான கோட்டை போயிற்று. ஜிசோர் போனால் நார்மண்டியின் தலைநகர் ருவானுக்குப் போகிற வழி திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். சேன் ஆறு அந்தக் காலத்து நெடுஞ்சாலை. பாரிஸில் படகு ஏறினால் நேராக ருவானில் இறங்கலாம். அந்தச் சாலைக்கு ஒரு கதவு போட வேண்டியிருந்தது.

கதவு போடத் தோதான இடம் ஆந்தலி, அதாவது இன்றைய லெசாந்தலி. அதில் இரண்டு சிக்கல். 1196 ஜனவரியில் போட்ட சமாதான ஒப்பந்தத்தில், ஆந்தலியில் யாரும் அரண் கட்டக் கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது. இரண்டாவது, நிலம் ருவான் பேராயர் வால்ட்டருக்குச் சொந்தம். ரிச்சர்ட் இரண்டையும் மதிக்கவில்லை. ஒப்பந்தம் போட்ட அதே வருஷம் வேலையைத் தொடங்கிவிட்டார். பேராயர் கொதித்துப்போய் நார்மண்டி முழுக்கத் தேவாலயச் சடங்குகளுக்குத் தடை போட்டார். பூசை கிடையாது, செத்தவர்களுக்கு முறைப்படி அடக்கம் கிடையாது. பிணங்கள் தெருக்களில் கிடந்ததாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஹவ்டன் ரோஜர் எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் போப் வரைக்கும் பஞ்சாயத்து போய், 1197இல் பேராயருக்கு தியெப் துறைமுகமும் வேறு சில நிலங்களும் கொடுத்துச் சமாதானம் ஆனது. பேராயருக்கு நஷ்டமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்டுமானம் நடக்கும்போது ஒரு நாள் வானத்திலிருந்து ரத்த மழை பெய்ததாம். கூட நின்றவர்கள் கெட்ட சகுனம் என்று நடுங்க, ரிச்சர்ட் அசையவே இல்லை. வானத்திலிருந்து தேவதூதனே இறங்கி வந்து நிறுத்தச் சொல்லியிருந்தாலும் அவனுக்குத் திட்டுதான் கிடைத்திருக்கும் என்று அந்தக் காலத்துத் துறவி ஒருவர் எழுதியிருக்கிறார்.

இரண்டே வருஷத்தில், 1198இல், எல்லாம் முடிந்தது. குன்றின் மேல் கோட்டை, அடிவாரத்தில் மதில் சூழ்ந்த புது ஊர், ஆற்றின் நடுத் தீவில் ஒரு காவல் அரண், ஆற்றை மறிக்க மரத்தூண் வேலி. செலவு சுமார் 12,000 பவுண்டு. தன் ஆட்சிக் காலம் முழுவதும் இங்கிலாந்தில் உள்ள அத்தனை கோட்டைகளுக்குமாக ரிச்சர்ட் செய்த செலவு சுமார் 7,000 பவுண்டுதான் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு எவ்வளவு கொட்டினார் என்று அதிலிருந்தே தெரியும். "ஒரு வயசு மகள், எவ்வளவு அழகு பாருங்கள்!" என்று பூரித்தாராம்.

இன்னொரு கதையும் உண்டு. "அந்த மதில் இரும்பால் கட்டியதாக இருந்தாலும் நான் பிடிப்பேன்" என்று பிலிப் சொல்ல, "வெண்ணெயால் கட்டியதாக இருந்தாலும் நான் காப்பேன்" என்று ரிச்சர்ட் பதில் சொன்னாராம். சொன்னாரோ இல்லையோ, சொல்லக்கூடிய ஆள்தான். ஆனால் காக்க அவர் இருக்கவில்லை. 1199இல் தெற்கே ஷாலூ என்ற ஒரு சின்னக் கோட்டையை முற்றுகையிட்டபோது, சரியான கவசம் போடாமல் சுற்றி வந்தவரின் தோளில் குறுக்குவில் அம்பு தைத்தது. புண் சீழ்பிடித்து, ஏப்ரல் 6 அன்று செத்துப்போனார். கோட்டை தம்பி ஜான் கைக்கு வந்தது.

சரி, கோட்டைக்கு வருவோம். குன்றின் மூன்று பக்கமும் இறக்கம், தென்கிழக்கே மட்டும் ஒரு ஒடுக்கமான நிலப்பாலம் மேட்டு நிலத்தோடு சேர்கிறது. எதிரி வந்தால் அந்த வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே கோட்டையின் முதல் பகுதி ஒரு முக்கோணம், அதன் கூர்முனை எதிரியைப் பார்த்து நிற்கிறது. அதற்குப் பின்னால் பாறையில் வெட்டிய அகழி. அப்புறம் நடு வளாகம். அதற்குள் இன்னொரு அகழி, அதற்குள் உள்மதில், அதற்குள் நடுக்கோபுரம். ஒன்றை இழந்தால் அடுத்ததற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

உள்மதிலை வெளியில் நின்றே நன்றாகப் பார்க்க முடிந்தது. பருத்த மூங்கில்களை நெருக்கி நட்டதுபோல அரைவட்டம் அரைவட்டமாகப் புடைத்துக்கொண்டு நிற்கிற மதில். நேர் மதிலில் கல்லெறிபொறியின் கல் முழு வேகத்தோடு மோதும். புடைப்பில் பட்டால் சறுக்கி விலகும். மதிலடியில் ஒளிந்துகொள்ளவும் எதிரிக்குத் தோதான மூலை கிடைக்காது. அந்தக் காலத்தில் வேறு எங்கும் இப்படிப் பார்த்திருக்க முடியாது. நடுக்கோபுரத்தின் முகமும் அப்படித்தான். வட்டமாக வந்து, ஆபத்து வரும் திசையில் மட்டும் பறவை அலகுபோலக் கூராக நீள்கிறது. மதில் உச்சியைச் சற்று வெளியே தள்ளிக் கட்டி, கீழே நிற்பவன் தலையில் நேராகக் கல் போட இடைவெளி விடுகிற ஏற்பாடும் இருந்தது. ஐரோப்பாவில் அதைக் கல்லில் செய்த மிகப் பழைய இடங்களில் இது ஒன்று.

கீழ்ப்பகுதியில் பல இடங்களில் முகப்புக் கல்லை உரித்து எடுத்திருக்கிறார்கள். உரித்த இடத்தில் மதிலின் வயிறு தெரிகிறது. சுண்ணாம்புச் சாந்துக்குள் புதைந்த சிக்கிமுக்கிக் கற்கள், ஒவ்வொன்றும் உருளைக்கிழங்கு அளவு, உடைந்த முகம் கண்ணாடிபோலக் கறுத்து மினுங்குகிறது. அண்ணா ஒன்றை விரலால் தடவினார். சாந்து மாவாக உதிர்ந்து அவர் நகத்துக்குள் ஏறிக்கொண்டது. எங்கள் இரண்டு பேர் செருப்பும் அதற்குள் வெள்ளை பூசியதுபோல ஆகியிருந்தது. செருப்போடு போனது என் தப்பு. மழைக்காலத்தில் போகிறவர்கள் நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.

நடந்து களைத்து, சரிவில் ஒரு காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். அண்ணா பாணும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக் கொண்டு வந்திருந்தார். கீழே சேன் ஆறு, நடுவில் தீவு, நீளமான சரக்குப் படகு ஒன்று அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே நான் முற்றுகைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

1203 ஆகஸ்டில் பிலிப் படையோடு வந்தார். ஆற்றை மறித்திருந்த மரத்தூண்களை உடைத்து, படகுகளை அடுக்கிப் பாலம் போட்டார். ஜான் ஒரு மீட்புப் படை அனுப்பினார். நிலத்தில் ஜானின் தளபதி வில்லியம் மார்ஷலின் படை, ஆற்றில் படகுகள், இரவோடு இரவாக இரண்டும் ஒரே நேரத்தில் பாய வேண்டும் என்று திட்டம். ஆற்றின் நீரோட்டத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டதால் படகுகள் தாமதமாக வந்தன. நிலப்படை தனியாகப் போய் அடி வாங்கியது. அது ஓடிய பிறகு படகுகள் வந்து தனியாக அடி வாங்கின. அப்புறம் கோபேர் என்ற ஒரு பிரெஞ்சுக்காரன் அடைத்த பானைகளில் நெருப்புத் தணலை வைத்து நீந்திப் போய்த் தீவு அரணின் மரவேலியைக் கொளுத்தினான். தீவு விழுந்தது. அடிவாரத்து ஊர் மக்கள் அலறியடித்து மேலே ஓடிக் கோட்டைக்குள் புகுந்தார்கள்.

"சனம் எவ்வளவு பேர்?" என்று கேட்டார் அண்ணா.

1,400 முதல் 2,200 வரை பல கணக்கு சொல்கிறார்கள். கோட்டைத் தளபதி ரோஜர் டி லேசி. சில நூறு வீரர்களுக்கு ஒரு வருஷம் தாங்கும்படி சேர்த்து வைத்த தானியம், இத்தனை வாய்க்கு எத்தனை நாள் வரும்? ஜான் டிசம்பரில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். இனி மீட்பு வராது. பிலிப்போ குன்றைச் சுற்றி அகழி வெட்டி, மரக் கோபுரங்கள் கட்டி, குளிர்காலம் முழுக்கக் காத்திருக்கத் தயாராக உட்கார்ந்துவிட்டார்.

லேசி முதலில் ஒரு 500 பேரை வெளியே அனுப்பினார். வயதானவர்கள், நோயாளிகள். பிரெஞ்சு வீரர்கள் வழி விட்டார்கள். சில நாள் கழித்து இன்னொரு 500. அவர்களும் போனார்கள். சேதி பிலிப் காதுக்கு எட்டியது. வாய் குறைந்தால் தானியம் நீளும் என்ற கணக்கு அவருக்கும் தெரியும். இனி ஒருவரையும் விடக் கூடாது என்று ஆணை போட்டார். மூன்றாவதாக வெளியே வந்த பல நூறு பேர் மீது பிரெஞ்சு வரிசையிலிருந்து அம்புகள் பறந்தன. அவர்கள் திரும்பிக் கோட்டை வாசலுக்கு ஓடினார்கள். வாசல் சாத்தியிருந்தது.

முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல், குளிர்காலத்தின் நடுவில், இந்தச் சரிவிலும் பள்ளங்களிலும் அந்தச் சனம் கிடந்தது.

"தண்ணிக்கு என்ன செய்தவை?"

தண்ணீர் மட்டும் இருந்தது. தண்ணீரும் புல்லும். தீனி மிச்சம் பிடிக்க லேசி நாய்களையும் வெளியே விரட்டியிருந்தார். அவற்றைப் பிடித்துத் தின்றார்கள். ஒரு நாள் கோட்டையிலிருந்து ஒரு கோழி பறந்து வந்து விழ, இறகோடும் எலும்போடும் தின்று தீர்த்தார்களாம். பிறந்த குழந்தை ஒன்றையும் தின்றதாக எழுதியிருக்கிறது. இதையெல்லாம் எழுதியவர் பிலிப்பின் சொந்த மதகுரு கியோம், முற்றுகையின்போது அரசர் கூடவே இருந்தவர். தன் அரசரைப் புகழத்தான் எழுதினார், ஆகவே எதைக் கூட்டினார் எதைக் குறைத்தார் என்று யோசித்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் அந்தச் சனம் அங்கே கிடந்ததையும் செத்ததையும் யாரும் மறுக்கவில்லை.

பிப்ரவரியில் பிலிப் முற்றுகையைப் பார்வையிட வந்தார். கீழேயிருந்து கூக்குரல் கேட்டது. மனம் இரங்கி, அவர்களை வெளியே விட்டுச் சோறு போடச் சொன்னார். கியோம் இதை அரசரின் கருணைக்கு அடையாளமாகச் சொல்கிறார். பூட்டச் சொன்னதும் அதே வாய்தான் என்பதை அவர் வலியுறுத்தவில்லை. வெளியே வந்தவர்களில் ஒருவன் கையில் நாய்க்கறித் துண்டு ஒன்று இருந்ததாம். தூக்கிப் போடு என்றார்கள். வயிறு நிறைய ரொட்டி கிடைக்கிற வரைக்கும் இதை விட மாட்டேன், இத்தனை நாள் என்னை உயிரோடு வைத்தது இதுதான் என்றானாம். ரொட்டி கொடுத்தார்கள். தின்ற பலர் தின்ற கையோடு செத்துப்போனார்கள்.

அண்ணா கையிலிருந்த பாணை மடியில் வைத்தார்.

"உடன அப்பிடிக் குடுக்கக் கூடாது தம்பி. காய்ஞ்ச வயிறு தாங்காது. கஞ்சித் தண்ணியிலதான் தொடங்க வேணும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா."

சரக்குப் படகு வளைவைத் தாண்டி மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை.

கோட்டை விழுந்த கதையைப் பிறகு அவரேதான் கேட்டார். பிலிப்பின் ஆட்கள் அந்தக் கூர்முனைக் கோபுரத்துக்கு முன்னால் இருந்த அகழியில் இறங்கினார்கள். ஏணி எட்டவில்லை. சுண்ணப்பாறை மெதுவானது, ஆகவே குத்துவாளால் பள்ளம் குத்திக் குத்தி, கால் வைத்து ஏறிவிட்டார்கள். கோபுரத்தின் அடியைத் தோண்டி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, முட்டுக்குத் தீ வைத்தார்கள். முட்டு எரிய, கோபுரம் சரிந்தது. முதல் பகுதி போயிற்று.

இரண்டாவது பகுதிக்குள் நுழைந்த கதைதான் எல்லோருக்கும் பிடித்த கதை. போஜிஸ் என்று ஒருவன். சப்பை மூக்கு என்பதால் வந்த பட்டப்பெயர். கூட்டாளியின் தோளில் ஏறி, ஜான் புதிதாகக் கட்டிய தேவாலயத்தின் ஜன்னல் வழியாக உள்ளே குதித்தான் என்கிறார் கியோம். கழிப்பறைக் குழாய் வழியாக ஏறினான் என்று இன்னொரு பேச்சு. சுற்றுலா வழிகாட்டிகள் கழிப்பறையைத்தான் விரும்புவார்கள், சிரிப்பு நிச்சயம். நான் ஜன்னல் கட்சி. எதுவானாலும் ஓட்டை ரிச்சர்டின் திட்டத்தில் இல்லை, தம்பியின் ஒட்டுவேலையில் இருந்தது என்று சொல்லி ஜானை மட்டம் தட்ட இந்தக் கதை நன்றாக உதவியிருக்கிறது.

ஆனால் ரிச்சர்டும் ஒரு தப்பு விட்டிருந்தார். உள்மதிலின் அகழியைத் தாண்ட, பாறையை முழுக்க வெட்டாமல் ஒரு பாலமாக விட்டிருந்தார்கள். தோண்டுகிறவர்களுக்கு அந்தப் பாறைப் பாலமே குடையாகிவிட்டது. அதன் மறைவில் நின்று மதிலடியைக் குடைந்தார்கள். மேலே பெரிய கல்லெறிபொறி ஒன்று இடித்துக்கொண்டிருந்தது. மதில் பிளந்தது. 1204 மார்ச் 6. உயிரோடு எஞ்சியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். கடைசிப் புகலிடம் என்று கட்டிய அந்த அலகு வைத்த கோபுரத்துக்குள் அவர்கள் ஒதுங்கவே இல்லை. ஜூன் 24 அன்று ருவான் சரணடைந்தது. நார்மண்டி இங்கிலாந்தின் கையை விட்டுப் போயிற்று. கட்டி முடித்து ஆறே வருஷம்.

அதற்குப் பிறகான கதைகளை இறங்கும்போது வேகமாகச் சொல்லி முடித்தேன். 1314இல் கள்ள உறவுக் குற்றச்சாட்டில் மாட்டிய பிரெஞ்சு அரச குடும்பத்து மருமகள்கள் மார்கரெட்டும் பிளான்ஷும் இங்கேதான் சிறையிருந்தார்கள். மார்கரெட் அடுத்த வருஷமே இங்கே இறந்தாள். 1334 முதல் ஏழு வருஷம் ஸ்காட்லாந்தின் பையன் அரசன் டேவிட் இங்கே அடைக்கலமாக இருந்தான். 1419இல் ஆங்கிலேயர்கள் சுமார் ஒரு வருஷம் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். அந்தத் தடவை பிரெஞ்சுக்காரர்கள் ஏன் சரணடைந்தார்கள் தெரியுமா? கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கயிறு தேய்ந்து அறுந்துவிட்டது. மாற்றுக் கயிறு இல்லை.

"கயிறோ!" என்று அண்ணா நின்று, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

1599இல் நாலாம் ஹென்றி இடிக்க உத்தரவு போட்டார். கொள்ளைக்கூட்டம் எதுவும் புகுந்துகொள்ளுமோ என்று ஊர்க்காரர்களுக்கே பயம். மடத்துத் துறவிகள் வந்து தங்கள் கட்டடங்களுக்குக் கல் உரித்துப் போனார்கள்; நாங்கள் தடவிப் பார்த்த அந்தச் சிக்கிமுக்கிக் கற்கள் வெளியே தெரிவது அதனால்தான். 1862இல் அரசு பாதுகாப்புச் சின்னமாக அறிவித்தது.

காருக்கு வந்து, செருப்பைப் புல்லில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தோம். வெள்ளை போகவில்லை. அண்ணா டிக்கியிலிருந்து பழைய பேப்பர் எடுத்துக் கால்வைக்கும் இடத்தில் விரித்தார். ஊர் எல்லையைத் தாண்டும்போதுதான் கேட்டார்.

"அந்தக் கதவைத் திறக்காத ஆளுக்குப் பிறகு என்ன நடந்தது?"

லேசியைத்தான் கேட்கிறார். பிடிபட்டார், மீட்புப் பணத்துக்கு ஜான் 1,000 பவுண்டு கொடுத்து உதவினார், இங்கிலாந்துக்குத் திரும்பினார், யார்க்‌ஷருக்கு ஷெரிஃப் ஆனார், 1211இல் செத்தார் என்றேன்.

"ம்" என்று இண்டிகேட்டரைப் போட்டு, நெடுஞ்சாலைக்குத் திரும்பினார்.